அந்த மேசையில் நான் கத்தியைக் கண்டதில்லை

லொய்மா, 9 ஜனவரி 1994, ஞாயிறு

மெர்விக்கு,

உன் உடல்நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. சிறையில் அதற்கென மருத்துவர் உண்டு. உன் பிள்ளைகள் உண்ண மறுக்கிறார்கள். நான் பேனாவை எடுக்க அது ஒன்றே காரணம்.

செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நீ நான்கு லிட்டர் கொதிக்கும் பட்டாணி சூப்பை உன் கணவன்மேல் கவிழ்த்தாய். என் அண்ணன் மகன் ரவுனோ அன்றிலிருந்து தீக்காயப் பிரிவில் கிடக்கிறான். தொடைத் தோலை உரித்து அவன் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் உனக்கு ஒன்றரை ஆண்டுத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு மார்ச்சில் விசாரணைக்கு வரும்வரை பிள்ளைகளைச் சமூகநல அலுவலகம் என் பொறுப்பில் விட்டிருக்கிறது. அவர்கள் பள்ளி மாறக் கூடாது என்பதால் நானே உன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன். உன் திரைச்சீலைகளைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதாக இல்லை.

நான் சமைக்கத் தெரியாதவள் அல்லேன். முப்பத்தேழு ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவளுக்கு ஒரு பன்றிக்கொழுப்புக் குழம்பு பெரிய காரியமும் அன்று. நேற்று அதைத்தான் செய்தேன். கூடவே உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, ஆவி பறக்க ஐந்து மணிக்கு மேசையில் வைத்தேன். ஐந்து வயது ஏரோ நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கடியில் போய்விட்டான். ஒன்பது வயது ரீனா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உரிச்சுச் சாப்பிடுடி," என்றேன்.

"எதால?"

"கத்தியாலதான். வேற எதால உரிப்பாங்க?"

"நம்ம வீட்ல கத்தி கிடையாது, அத்தை."

இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பதினொரு கரண்டிகள். கத்தி ஒன்றுகூட இல்லை; முள்கரண்டியும் இல்லை. துணி துவைக்கும் அறையில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால், பழந்துணியில் சுற்றிய ரொட்டிக்கத்தி ஒன்று கிடைத்தது. ஒரு குடும்பம் தன் கத்திகளையெல்லாம் எப்படித் தொலைக்க முடியும்?

இந்த நாட்டில் நான்கு வயதுப் பிள்ளைகூடக் கிழங்கை முள்கரண்டியில் குத்திப் பிடித்துத் தானே உரித்துக்கொள்ளும். ரவுனோ பதினோரு வயதில், தாய் தகப்பனை இழந்து என்னிடம் வந்தான். வந்த முதல் நாள் அவன் உரித்த தோல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதன் வழியே செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு மெலிது. அவன் பெற்ற மகளுக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியவில்லை. அதை உன் சோம்பலின் கணக்கில்தான் வைக்கிறேன்.

பிள்ளைகள் எதை உண்பார்கள், எவ்வளவு, எத்தனை பாகை வெப்பத்தில் என்று எழுது. கிராம் கணக்கில் எழுது. 'கொஞ்சம்', 'தேவையான அளவு' என்ற சொற்களை நான் ஏற்பதில்லை.

ஹில்யா ரந்தலா

*

ஹமேன்லின்னா, 14 ஜனவரி

ஹில்யா அத்தைக்கு,

இங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் சமையல் மட்டும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மக்ரோனி. நானூறு கிராம் மக்ரோனியை முக்கால் பதம் வேகவையுங்கள். நானூறு கிராம் கொத்திறைச்சியை இரண்டு வெங்காயத்தோடு வதக்குங்கள். ஈரம் வற்றிச் சட்டி சீறும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்து கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, எண்ணூறு மில்லி பாலில் மூன்று முட்டையை அடித்து மேலே ஊற்றுங்கள். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. ஊற்றிய பிறகு கிளறவே கூடாது. இருநூறு பாகையில் ஒரு மணி நேரம். மேலே பழுப்பாகும் ஓரம் ஏரோவுக்கு. அவன் கேட்கமாட்டான். நீங்களாகவே வைத்துவிடுங்கள்.

செவ்வாய்க்கு சாசேஜ் சூப். கேரட்டையும் மஞ்சள் டர்னிப்பையும் கரண்டியில் அடங்கும் அளவுக்கு நறுக்குங்கள். புதனுக்கு மசித்த கிழங்கும் கொத்திறைச்சிக் குழம்பும். வெள்ளிக்கு முள் எடுத்த மீன் சூப். வியாழக்கிழமை ஊர் முழுக்கப் பட்டாணி சூப் குடிக்கும். நம் வீட்டில் வேண்டாம். பால்கஞ்சி செய்யுங்கள். இருநூறு கிராம் அரிசி, ஒரு லிட்டருக்கு மேல் பால், சிறு தீயில் நாற்பது நிமிடம். நடுவில் குழி செய்து வெண்ணெய் வையுங்கள்.

உருளைக்கிழங்கை எப்போதும் வேகவைப்பதற்கு முன்பே, சமையல் மேடையில் வைத்து, தோல்சீவியால் சீவிவிடுங்கள். அது ரொட்டிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேசையில் கரண்டி மட்டும். சூடான பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுப்படியிலேயே தட்டில் ஊற்றுங்கள். ஏரோவின் பின்பக்கமாக வரும்போது குரல் கொடுத்துக்கொண்டு வாருங்கள். மேசை நடுவில் ஒட்டியிருக்கும் தக்கைத் தட்டை எடுக்காதீர்கள்.

மெர்வி

*

லொய்மா, 23 ஜனவரி

மெர்விக்கு,

மக்ரோனியைப் பற்றி நான் சொல்லக்கூடிய குறை ஏதுமில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இருவரும் இரண்டு தட்டு உண்டார்கள். ஏரோவுக்குப் பழுப்பு ஓரத்தை வைத்தேன். அவன் அதைக் கடைசிவரை ஒதுக்கிவைத்திருந்து, பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே தின்றான்.

ஆனால் வாரம் முழுவதும் மசித்ததும் குழைந்ததும் கரைந்ததுமாக உண்டு என் பற்களுக்கே அவமானமாகிவிட்டது. நீ என்ன, பல்லில்லாதவர்களுக்கா சமைத்துக்கொண்டிருந்தாய்? வளரும் பிள்ளைக்குக் கடிக்கவும் நறுக்கவும் உரிக்கவும் தெரிய வேண்டும். ஆகவே கடைக்குப் போய் ஆறு முள்கரண்டிகளும், கிழங்கு உரிக்கும் கூர்முனைக் கத்திகள் ஆறும் வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை மேசையில் முறைப்படி வைத்தேன்.

ரீனா ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், ஒரு கடைக்காரி இன்னொரு கடைக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"அத்தை, ஏரோகிட்ட வைக்காதீங்க. எனக்கு மட்டும் வைங்க."

"அவனுக்கு ஏன் கூடாது?"

"அவன் சின்னப் பையன். நான்தான் பெரியவ."

காலையில் ஆறு கத்திகளும் காணவில்லை. விறகுப் பெட்டியின் அடியில், மரப்பட்டைகளுக்குக் கீழே கண்டெடுத்தேன். திருட்டைப் பற்றி அவளுக்குக் கால்மணி நேரம் அறிவுரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அன்று மாலையே கத்திகள் மீண்டும் விறகுப் பெட்டிக்குப் போய்விட்டன.

வியாழக்கிழமை பட்டாணி சூப்பே செய்தேன். நீ ஒருமுறை அதை ஆயுதமாக்கினாய் என்பதற்காக இந்த வீடு ஒரு நல்ல உணவை இழக்க வேண்டியதில்லை என்று கருதினேன். பானையை மேசைக்குக் கொண்டுவந்து, கடுகு விழுதையும் பக்கத்தில் வைத்தேன். ஏரோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான்: "நான் முடிச்சிட்டேன்! சாப்பிட்டு முடிச்சிட்டேன்! பாருங்க, முடிச்சிட்டேன்!" அவன் தட்டில் நான் இன்னும் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்கவில்லை.

மேசையைக் கழுவும்போது அந்தத் தக்கைத் தட்டைக் கத்திமுனையால் நெம்பி எடுத்தேன். எடுக்கக் கூடாது என்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது. அடியில் நான்கு வெட்டுகள். மூன்று புதியவை, விரற்கடை இடைவெளியில், வரிசையாக. ஆழமானது ஒன்பது மில்லிமீட்டர். நான்காவது பழையது. அதற்குள் பச்சைச் சாயம் இறங்கியிருக்கிறது. இந்த மேசை என் அண்ணன் வீட்டில் பச்சையாக இருந்தது. உங்கள் திருமணத்துக்குத் தருவதற்காக நான்தான் தேய்த்துச் சாயம் நீக்கினேன். அப்போது இது என் கண்ணில் படாமற் போனதற்கு என்னையே கடிந்துகொள்கிறேன். புதிய மூன்றும் உன்னுடையவை என்று கருதுகிறேன். ரொட்டி நறுக்கப் பலகை என்றொரு பொருள் கடையில் விற்கிறது.

நீதிமன்றத்தில் அவன் உன்னைக் கத்தியால் அச்சுறுத்தினான் என்றாய். என்னைக் கேட்டார்கள். "அந்த மேசையில் நான் கத்தியைக் கண்டதில்லை" என்றேன். உண்மையைச் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஹில்யா ரந்தலா

*

ஹமேன்லின்னா, 30 ஜனவரி

அத்தை,

இதைப் படிக்கும் காவல்காரியும் படித்துக்கொள்ளட்டும்.

"நீ என்ன, பல்லில்லாதவங்களுக்கா சமைக்கிற?" இது ரவுனோ சொன்னது. அதையே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது.

1990 அக்டோபர். நீங்கள் செய்ததுபோலவே தோலோடு வெந்த கிழங்கு. நான் உரித்த தோலை அவர் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடிமன் என்றார். "கையை வை," என்றார். விளையாட்டு என்று நினைத்து மேசைமேல் விரித்து வைத்தேன். விரல்களுக்கு நடுவில் கத்தியால் குத்தத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. எதிரில் ரீனா, ஆறு வயது. மடியில் ஏரோ, இரண்டு வயது. ரீனா கரண்டியைக் கீழே வைத்தாள். "சாப்பிடு. யாரும் நிறுத்தக் கூடாது," என்றார். அவள் சாப்பிட்டாள். நானும் மறு கையால் சாப்பிட்டேன். இரண்டு குத்து மரத்தில். மூன்றாவது என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைத் துளைத்து மரத்தில் இறங்கியது. "நீதான் அசைச்ச," என்றார். பிறகு இன்னொரு கிழங்கு கேட்டார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் வீட்டிலிருந்த கத்திகளையும் முள்கரண்டிகளையும் துணியில் கட்டி ஆற்றில் எறிந்தேன். ரொட்டிக்கத்தியை மட்டும் ஒளித்தேன். அன்றிலிருந்து கரண்டியால் உண்ணும் சாப்பாடுதான். மூன்று வருடம். கிராம் கணக்கில் கேட்டீர்களே, இதுதான் கணக்கு: மேசைக்கு வருவதற்கு முன்பே எல்லாம் வெட்டப்பட்டிருக்க வேண்டும், மேசையில் வெட்டுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. ருசி பிறகு வந்தது. நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து கரண்டியால் சாப்பிட்டுவிட்டு என் சோம்பலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனீர்கள்.

கத்தி இல்லையென்றால் மனிதன் சும்மா இருப்பானா? பானை இருக்கிறதே. செப்டம்பரில் ஏரோ பட்டாணி சூப்பை மீதி வைத்தான். அவன் பிடரியைப் பிடித்துக் கொதிக்கும் பானைக்குமேல் முகத்தைக் கவிழ்த்தார். "ஆவியைக் குடி. அப்பப் பசிக்கும்," என்றார். பிள்ளையின் மூக்கு சூப்பைத் தொட இரண்டு விரற்கடைதான் இருந்தது. நான் பானையின் இரண்டு காதுகளையும் வெறுங்கையால் பிடித்துத் தூக்கினேன். எங்கே ஊற்றினேன் என்று எனக்குத் தெரியும். தவறி விழவில்லை. அதை நீதிமன்றத்திலும் மறைக்கவில்லை.

மேசையைப் பாருங்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். மேசையில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் என்றார். அப்புறம் நீங்கள் பழுப்புக் கோட்டும் தொப்பியுமாக எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். உங்களைப் போன்ற படித்தவர் வாயிலிருந்து வந்ததால் அங்கிருந்த எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஏன் கத்தி இல்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவரை வீட்டுக்கு அனுப்புவார்களாமே. என் தண்டனை உறுதியானால் பிள்ளைகள் அவரிடம் போவார்கள். எனக்கு வேறு கவலை எதுவும் இல்லை.

மெர்வி

*

லொய்மா, 6 பிப்ரவரி

மெர்விக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எழுத்து உனக்குக் கைவருகிறது. அதனாலேயே அது உண்மை ஆகிவிடாது.

அவனை ஏழாண்டுகள் என் மேசையில் அமர்த்திச் சோறிட்டவள் நான். அவன் ஒரு பூனையைக்கூட உதைத்ததில்லை. ஒன்று உன் கூற்று பொய். அல்லது என் ஏழாண்டு பொய். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது.

சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றைச் சோதிக்காமல் நம்புவதும் மறுப்பதும் ஒரே வகை மூடத்தனம் என்று என் மாணவிகளுக்குச் சொல்லிவந்தேன். பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, ரவுனோ வருகிறான். அவனுக்குப் பிடித்த மத்தி மீனை ரை தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பேன். கிழங்கைத் தோலோடு வேகவைப்பேன். ஆறு கத்திகளையும் மேசையில் வைப்பேன். முடிவு எதுவாயினும் உனக்கு உள்ளபடி எழுதுவேன்.

ஹில்யா ரந்தலா

*

ஹமேன்லின்னா, 8 பிப்ரவரி

அத்தை,

வேண்டாம். காலில் விழுகிறேன். கிழங்கைச் சீவி வேகவையுங்கள். மீனை முள்ளெடுத்துக் கொடுங்கள். என்னைப் பொய்க்காரி என்று நம்பிவிட்டுப் போங்கள், எனக்குக் கவலையில்லை.

சோதித்தே தீருவேன் என்றால் உங்களை வைத்துச் சோதியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக் கெர்த்துவிடம் அனுப்பிவிடுங்கள். ரீனா போகமாட்டாள். இழுத்துக்கொண்டு போய் விடுங்கள்.

மெர்வி

*

மாவட்ட மருத்துவமனை, 20 பிப்ரவரி

மெர்விக்கு,

இது இடக்கையால் தட்டச்சு செய்தது; பிழைகளைப் பொறுக்க வேண்டும். முடிவை உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஏரோவைக் கெர்த்துவிடம் அனுப்பினேன். ரீனா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போய்ட்டா உங்களை யாரு பாத்துக்குவா?" என்றாள். சிரித்துவிட்டு அவளை இருக்க விட்டேன். அந்தச் சிரிப்புக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது; நீயும் தர வேண்டாம்.

ரவுனோ சாக்லேட் வாங்கி வந்தான். கழுத்தில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. "அத்தை பொரிச்ச மத்தி வாசனை தெருமுனை வரைக்கும் வருது," என்றான். உட்கார்ந்தான். கத்தியொன்றை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்தான்.

"அட, வீட்டுக்குக் கத்தி திரும்பி வந்திருச்சே! என்ன ரீனா, சந்தோஷந்தானே?"

ரீனா ஒரு கிழங்கை எடுத்து உரித்தாள். வாழ்நாளில் உரித்திராத பிள்ளை. தோலோடு பாதிச் சதையும் வந்தது. அவன் அந்தத் தோலை விரல்நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதைப் பாருங்க அத்தை. பன்னிக்கா உரிக்கிறா?"

"போகப்போகக் கத்துக்குவா."

"தானா எங்க கத்துக்கறது? கத்துக்குடுக்கணும். ரீனா, கை."

அவள் இடக்கையை மேசைமேல் வைத்து விரல்களை அகல விரித்தாள். வலக்கையால் கரண்டியை எடுத்து உண்ணத் தொடங்கினாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. பள்ளியில் மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அப்படிச் செய்தாள். என் சோதனை அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. மீதி அவனுடையது.

அவள் கையைத் தட்டிவிட்டு, அந்த இடத்தில் என் கையை வைத்தேன்.

"விளையாட்டு அத்தை. எடுங்க."

"எடுக்கமாட்டேன்."

"உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"அவளுக்குக் கத்துக்குடுக்கணும்னு சொன்னியே. கத்துக்குடு. நானும் பாக்கறேன்."

புன்னகைத்தான். முதல் குத்து சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். இரண்டாவதும் மூன்றாவதும் மரத்தில். நான்காவது குத்தில் அவன் விரல்களுக்கு இடையில் குறிவைக்கவே இல்லை. புறங்கையின் நடுவே இறங்கி, இரண்டு எலும்புகளை ஒதுக்கிக்கொண்டு, உள்ளங்கை வழியாக மேசைக்குள் போய் நின்றது. கோழித்தொடையை மூட்டில் பிரிக்கும்போது கேட்கும் சத்தம்தான். இரத்தம் முதலில் வரவில்லை. பிறகு மத்தி வைத்திருந்த தட்டுவரை வந்தது.

"சாப்பிடுங்க அத்தை. யாரும் நிறுத்தக் கூடாது. ஆறிடும்."

நான் ரீனாவிடம் சொன்னேன்: "மீன்ல உப்பு பத்தல. கெர்த்து வீட்ல வாங்கிட்டு வா."

உப்புச்சாடி நிறைய உப்போடு அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். அத்தையையும் அடக்கியாகிவிட்டது, இந்த வீட்டிலிருந்து போன எந்தச் சொல்லையும் இதுவரை வெளியே யாரும் நம்பியதில்லை என்று எண்ணியிருப்பான். "போ, போ. உங்க அத்தைக்கு இன்னும் உப்பு வேணுமாம்," என்றான்.

அவள் போனாள். நான் உண்டேன். காவலர்கள் வர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. சுவர்க்கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. அதுவரை இடக்கையால் நான்கு மத்தியும் இரண்டு கிழங்கும் உண்டேன். கிழங்கை அவன்தான் எனக்கு உரித்துத் தந்தான். மிக மெலிதாக உரித்தான். நான் நிறுத்தியிருந்தால் அவன் எழுந்து கெர்த்து வீட்டுக்குப் போயிருப்பான். உணவை விழுங்குவதற்கு இவ்வளவு வலிமை வேண்டும் என்று எனக்கு அறுபத்தெட்டு வயதுவரை தெரியாது. உனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது.

மருத்துவ ஊழியர்கள் வரும்வரை கத்தியைப் பிடுங்கக் கூடாது என்றார் காவலர். ஆகவே வாக்குமூலத்தை மேசையோடு தைக்கப்பட்ட நிலையிலேயே கொடுத்தேன். இரண்டு விரல்கள் இனி மடங்கா என்கிறார்கள்.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அதைத் தவிர்க்கும் எண்ணத்துடன்தான் இவ்வளவு நீட்டினேன். பதினோரு வயதில் அவன் என்னிடம் வந்தபோது அவன் இடக்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஒரு நேர்கோட்டுத் தழும்பு இருந்தது. நாய் கடித்தது என்றான். நாயின் பல் நேர்கோடு போடாது; அதை அறிய வேதியியல் பட்டம் தேவையில்லை. நான் நாயையே ஏற்றுக்கொண்டேன். இறந்துபோன என் அண்ணனைப் பற்றி வேறுவிதமாக நினைப்பதைவிட அது எளிதாக இருந்தது. அவன் உரித்த மெல்லிய தோலைக் கண்டு வியந்தேனே, அது திறமை அன்று, பயம். பச்சைச் சாயம் இறங்கிய அந்த நான்காவது வெட்டு எந்த வீட்டில் விழுந்தது என்பதை ஜனவரியில் அளக்கும்போதே என் கை அறிந்திருந்தது. அந்த மேசையைத் தேய்த்து மெருகிட்டு உனக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தவளும் நானே.

அவன்மீது இரக்கம் கொள்ள இது காரணமாகாது. அவனுக்குத் தெரியும், அது எப்படி வலிக்கும் என்று.

ஹில்யா

*

ஹமேன்லின்னா, 25 பிப்ரவரி

ஹில்யா அத்தைக்கு,

காவல்காரி கடிதத்தைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரீனா அந்த மேசையில் இருந்தாள். அவளும் கையை விரித்தாள் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். நான் வேலைக்குப் போன சாயங்காலங்களில், கரண்டிக்காம்பை வைத்து என்று நினைக்கிறேன். அவள் என்னிடம் சொல்லவே இல்லை. இதை மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசிக்கிறேன்.

ஒரு கையால் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். கடையில் நறுக்கிய இறைச்சியே கிடைக்கும். அடிகனத்த மண்சட்டியில் இறைச்சி, முழு வெங்காயம், கேரட், உப்பு, முழு மிளகு, மூழ்கும்வரை தண்ணீர். மூடி நூற்றைம்பது பாகையில் நான்கு மணி நேரம் ஓவனில் விட்டுவிடுங்கள். கிளற வேண்டாம், வெட்ட வேண்டாம். கரண்டி பட்டாலே பிரியும். சட்டியைத் தூக்க மட்டும் கெர்த்துவைக் கூப்பிடுங்கள்.

கையை உயரத்தில் வைத்துத் தூங்குங்கள்.

மெர்வி

*

லொய்மா, 6 ஏப்ரல்

மெர்விக்கு,

தீர்ப்பு நகல் உனக்கும் வந்திருக்கும். பிள்ளையின் உயிரைக் காக்கச் செய்த செயல் என்று ஏற்று, உன் தண்டனையை நீக்கிவிட்டார்கள். ரவுனோ காவலில் இருக்கிறான். அவன் வழக்கு மே மாதம். திங்கட்கிழமை உன்னை விடுவிப்பார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நான் சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு படி உரியது.

"அந்த மேசையில் நான் கத்தியைக் கண்டதில்லை என்று டிசம்பரில் சத்தியம் செய்தேன். அது உண்மை. அங்கே கத்தி இருக்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி மூன்று ஆண்டுகள், நாளுக்கு ஒரு வேளை, வெட்டத் தேவையில்லாத உணவை மட்டுமே சமைத்தாள். அதை நான் ஆறு முறை உண்டேன். ஆறு முறையும் குறை சொன்னேன். ஏன் கத்தி இல்லை என்று கேட்க எனக்கு அறிவிருக்கவில்லை. என் வாக்கியத்தில் பிழை இல்லை. அதைச் சொன்னவளிடம் இருந்தது."

நடுவர் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, உட்காரலாம் என்றார். நான் உட்காரவில்லை.

மேசையைச் சான்றுப்பொருள் என்று எடுத்துச் சென்றுவிட்டார்கள். திருப்பித் தருவதானால் சவுனாவின் நீராவி அடுப்பில் எரிப்பதற்குத் தரட்டும். இப்போது துணி தேய்க்கும் பலகையைத் தாழ்த்திவைத்து மூவரும் அதில் உண்கிறோம். ஏரோ ஒருமுறை அதைக் கவிழ்த்துவிட்டான். கவிழ்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் நடக்காததைக் கண்டு, விரலிடுக்கு வழியே என்னைப் பார்த்து, "அத்தை, உங்க பாவாடையில மக்ரோனி," என்றான். பத்து நிமிடம் சிரித்தான்.

திங்களன்று உனக்கும் மக்ரோனிதான். அட்டவணையை மாற்ற எனக்கு உரிமையில்லை. பழுப்பு ஓரம் ஏரோவுக்கு. இந்த வாரம் அதை அவனே கேட்டான்.

நேற்று ரீனா பள்ளியிலிருந்து வந்ததும் விறகுப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கத்தியை எடுத்தாள். மீதி நான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள்; ஆறாவது நீதிமன்றத்தில் இருக்கிறது.

"அத்தை, இன்னைக்குத் தோலோட வேகவைங்க."

"உனக்கா?"

"உங்களுக்கு. உங்களால ஒத்தைக் கையில உரிக்க முடியாதில்ல."

வேகவைத்தேன். அவள் தேய்ப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கிழங்கை முள்கரண்டியில் குத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்தாள். பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. சதுரமாக ஏதோ ஒன்று மிஞ்சியது. அதை என் தட்டில் வைத்தாள். பிறகு தோலை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, காத்திருந்தாள்.

தடிமன் ஐந்து மில்லிமீட்டர். பார்த்ததும் கண் அளந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு எடு," என்றேன்.

ஹில்யா